மட்டாஞ்சேரியைக் கடைசியில் பாருங்கள்: கேரளத்தின் ஐந்து யூதப் பள்ளிகள்

கொச்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போகிறார்கள். டச்சு அரண்மனை, யூதர்களின் தொழுகைக் கூடமான சினகாக், கடையில் ஒரு பொட்டலம் ஏலக்காய், அப்புறம் சீன வலைக்கு முன்னால் நின்று ஒரு படம். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் தடவை நானும் அப்படித்தான் போய்வந்தேன். கேரள யூதர்களைப் பார்த்தாயிற்று என்ற திருப்தியோடு ரயில் ஏறினேன். பார்த்தது கால்வாசிகூட இல்லை என்று தெரிய இன்னும் இரண்டு பயணம் தேவைப்பட்டது.

அந்த ஊர்ப்பக்கம் சுலபமாகப் போய்ப் பார்க்கக்கூடிய பள்ளிகள் ஐந்து. மட்டாஞ்சேரியில் பரதேசிப் பள்ளி, எர்ணாகுளம் சந்தைக்குள் கடவும்பாகம், வடக்குப் பரவூர், சேந்தமங்கலம் (நாமக்கல் பக்கத்துச் சேந்தமங்கலம் இல்லை), திருச்சூர் மாவட்டத்தில் மாளா. ‘பள்ளி’ என்று நானாகச் சொல்லவில்லை. மலையாளத்தில் தேவாலயமும் பள்ளிதான், மசூதியும் பள்ளிதான், யூதர்கள் தொழுத இடமும் பள்ளிதான். சமணப் பள்ளி, பள்ளிவாசல் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அந்நியமாகப் படாது.

‘பரதேசி’தான் கொஞ்சம் இடறும். நம்மூரில் அது வசவு. அங்கே அதன் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: வேற்று தேசத்திலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் பிற்காலத்தில் வந்தவர்கள் பரதேசி யூதர்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே வேர்விட்டவர்கள் மலபாரி யூதர்கள். ஐந்து பள்ளிகளில் ஒன்றுதான் பரதேசிகளுடையது, மற்ற நான்கும் மலபாரிகளுடையவை. கூட்டம் போவது அந்த ஒன்றுக்கு.

கட்டட அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றேதான். முதலில் ‘அசாரா’ என்ற முன்னறை, அதைத் தாண்டினால் கூடம். கூடத்தின் நடுவில் வளைந்த கம்பித் தடுப்போடு ஒரு மேடை. யூத வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருக்கும்; இங்கிருந்து ஜெருசலேம் மேற்கே அல்லவா. மாடியில் பெண்களுக்கு மரச்சட்டத் தடுப்புக்குப் பின்னால் இடம், அதற்கு முன்னால் இன்னொரு சிறு மேடை. இந்த இரண்டாவது மேடை கேரளத்துக்கே உரியது. பண்டிகை நாட்களில் அங்கிருந்துதான் வாசிப்பார்கள். இதை ஒருமுறை புரிந்துகொண்டால் போதும், ஐந்தையும் வாசித்துவிடலாம். அப்புறம் கேள்வி ஒன்றுதான்: எங்கே எது மிஞ்சியிருக்கிறது?

மட்டாஞ்சேரியில் எல்லாமே மிஞ்சியிருக்கிறது. 1568இல், கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டிக் கொடுத்த இடத்தில் எழுந்த கட்டடம் அது. 1662இல் போர்ச்சுகீசியர் அதைச் சேதப்படுத்தினார்கள், டச்சுக்காரர் காலத்தில் மீண்டும் எழுந்தது. கடிகாரக் கோபுரம் 18ஆம் நூற்றாண்டு வணிகர் எசக்கியேல் ரஹபியின் கைங்கரியம். தரையில் பதித்திருக்கும் நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகளும் அவர் தருவித்தவைதான் என்பார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். நான் குனிந்து பார்த்தேன். இரண்டு ஓடுகளில் ஒரே மரம். ஆனால் ஒன்றில் தூரிகை அழுந்தி இலைக்கொத்து கனத்திருக்கிறது, மற்றதில் மை தீர்ந்து இழுபட்டிருக்கிறது. எந்த வரைகலைஞன் எந்த மதியத்தில் சோர்ந்துபோனானோ! செருப்பில்லாமல்தான் உள்ளே விடுகிறார்கள் என்பதால் உள்ளங்காலுக்கு அந்த ஓடுகளின் குளிர்ச்சி கிடைக்கிறது. மேலே பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள், பேழைக்குள் திருவிதாங்கூர் மன்னர் 1805இல் கொடுத்த பொன் மகுடம்.

இந்தச் சமூகத்தின் மிகப் பெரிய சொத்தும் இந்தப் பள்ளியைச் சேர்ந்ததுதான்: சுமார் கி.பி. 1000இல் சேர அரசன் பாஸ்கர ரவிவர்மன் வெட்டிக்கொடுத்த செப்பேடு. ஜோசப் ரப்பான் என்கிற யூதத் தலைவருக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்ற வணிகக் குழு உரிமையோடு 72 விடுபேறுகள். எழுத்து வட்டெழுத்து, பெயர் ‘இஸ்ஸுப்பு இரப்பான்’ என்று நம் வாய்க்கு வருகிற மாதிரியே பொறித்திருக்கிறது. பகல்விளக்கு, நடக்கப் பாவாடை விரிப்பு, குடை, தோரணம் என்று சலுகைகளைப் படித்தால் முக்கால்வாசி அகராதியில்லாமலே புரியும். அஞ்சுவண்ணம் என்ற பெயர் நம் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் வருகிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் குறை சொல்கிறேன்? உள்ளே நிற்க விடுவதில்லை, அதுதான். பின்னால் ஒரு குழு வரும், வழிகாட்டி மூன்று மொழியில் ஒரே கதையைச் சொல்வார், பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். தெருவில் காஷ்மீர்ச் சால்வையும் புதிதாகச் செய்த ‘பழம்பொருட்களும்’ விற்கிறார்கள். யூதத் தெரு என்ற பெயர்ப்பலகை இருக்கிறது, யூதர்கள் இல்லை. முழுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது விதி. அந்தப் பத்துப் பேருக்கு வெளியூர்ப் பயணிகளை எதிர்பார்த்திருக்கும் நிலைமை எப்போதோ வந்துவிட்டது.

இன்னொன்றையும் வழிகாட்டிகள் சொல்வதில்லை. இதே பள்ளியில், அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்ட யூதர்களின் வழிவந்தவர்களுக்குச் சமமாக உட்கார உரிமை இல்லை. அசாராவோடு நிற்க வேண்டும். அதை எதிர்த்து, சென்னையில் சட்டம் படித்துவந்த ஏ. பி. சேலம் (1882–1967) உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது அதனால்தான். முன்னறையை விறுவிறுவென்று கடக்கிறவர்கள், யாரை நிறுத்திவைத்த இடம் அது என்று ஒரு நொடி நினைத்துக்கொள்ளலாம்.

சரி, பரவூருக்கு வருவோம். எர்ணாகுளத்திலிருந்து வடக்கே ஒரு மணி நேர பஸ் பயணம். இங்கே பொருளுக்குப் பதில் கட்டடமே காட்சி. தெருவோடு படிப்புரை என்ற வாயில் கட்டடம், பிறகு முற்றம், தடித்த உருளைத் தூண்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட நடை, பிறகு அசாரா, கடைசியில் கூடம். கேரளக் கோவிலுக்குள் போகிற அதே படிப்படியான நெருக்கம். 1616இல் கட்டியவர் டேவிட் யாக்கோபு காஸ்டியேல் முதலியார். ஆம், முதலியார்தான். யூத சமூகத் தலைவருக்குக் கொச்சி அரசர்கள் கொடுத்த பட்டம் அது. அசல் பேழையும் மேடையும் இஸ்ரேலுக்குப் போய்விட்டன. உள்ளே இப்போது இருப்பது நகல். கேரள அரசின் முசிறி பாரம்பரியத் திட்டத்தில் புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். விளக்கப் பலகைகளும் காணொளிகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் சுண்ணாம்பு பூசிய சுவர் சற்று அதிகமாகவே புதிதாக மின்னுகிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் ஐந்தில் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் தனியாகப் போனால் இங்கே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கமாட்டேன்.

ஏனென்றால் நாலைந்து கிலோமீட்டர் தள்ளிச் சேந்தமங்கலம் இருக்கிறது.

என் ஓட்டு அதற்குத்தான். கட்டடத்தை மட்டும் ஒப்பிட்டால் பரவூரைவிடச் சிறியது. பொருட்களை ஒப்பிட்டால் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில்கூட வராது. மரக்கூரையில் செதுக்கி வண்ணமிட்ட தாமரைகள், செந்நிறமும் பொன்னிறமுமான பேழை, அவ்வளவுதான். ஆனால் வாசலில் ஒரு கல் நிற்கிறது. இடுப்புயரம்கூட இல்லாத கருங்கல், எபிரேய எழுத்து, மழையில் மழுங்கிய ஓரங்கள். ‘இஸ்ரவேலின் மகள் சாராள்’ என்ற பெண்ணின் கல்லறைக்கல் அது. ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு என்கிறார்கள். அவள் யார், என்ன வயதில் போனாள் என்று எந்தக் கதையும் இல்லை. பெயர், தகப்பன் பெயர், தேதி, அவ்வளவே. மட்டாஞ்சேரிப் பள்ளிக்கு மூன்று நூற்றாண்டு மூத்த அந்தக் கல்லுக்குத் தடுப்போ வரிசையோ கிடையாது. நான் போனபோது அதன் அடியில் ஒரு பூனை படுத்திருந்தது.

சுற்றுப்புறம் இன்னொரு காரணம். கோட்டையில் கோவிலகம் என்ற குன்றைச் சுற்றிக் கோவில், மசூதி, தேவாலயம், யூதப் பள்ளி நான்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. யூதர்களின் இடுகாடும் அந்தக் குன்றின் பக்கம்தான். கொச்சி அரசின் முதலமைச்சர்களாயிருந்த பாலியத்தச்சன் குடும்பத்தின் ஊர் இது. அந்த அரண்மனையையும் பார்க்கலாம். கைத்தறிக்கும் பேர்போன ஊர். 2018 வெள்ளத்தில் சேறு படிந்த துணிகளை வெட்டி ‘சேக்குட்டி’ என்று பொம்மை செய்து விற்றார்களே, அந்தத் தறிகள் இங்கேதான். மட்டாஞ்சேரியில் பார்த்தது ஒரு கட்டடம், சேந்தமங்கலத்தில் யூதர்கள் யார் யாரோடு வாழ்ந்தார்கள் என்பதே கண்ணுக்குத் தெரிகிறது.

மாளாவும் எர்ணாகுளமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். மாளா யூதர்கள் 1955இல் இஸ்ரேலுக்குக் கிளம்பும்போது பள்ளியையும் இடுகாட்டையும் ஊர்ப் பஞ்சாயத்திடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள், காப்பாற்றித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பள்ளியின் முகத்தைக் கடைகள் மறைத்துவிட்டன. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இடுகாடு ஏறக்குறைய நான்கு ஏக்கர். அந்த நான்கு ஏக்கரில் அடையாளம் தெரிகிற கல்லறைகள் மூன்றே மூன்று. ஒரு பகுதியில் விளையாட்டு மைதானம் வந்து, அதற்காக ஊரில் வழக்கும் வாய்ச்சண்டையும் நடந்தன. அழகைத் தேடிப் போகிறவர்கள் மாளாவை விட்டுவிடலாம். தமிழ்ப் பைத்தியம் உள்ளவர்கள் மட்டும் விடக்கூடாது. பக்கத்து அம்பழக்காட்டில்தான் பிரோயன்சா பாதிரியாரின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதி 1679இல் அச்சானது. வீரமாமுனிவர் 1747இல் கண்மூடியதும் அங்கேதான்.

எர்ணாகுளம் கடவும்பாகத்தில் நிலைமை வேறு. சந்தைத் தெருவில் செடிகளும் வண்ணமீன்களும் விற்கிற கடைக்குள் போக வேண்டும். தொட்டிகளில் காற்றுக்குமிழி கொப்பளிக்கும் சத்தம், ஈரமண் வாசனை, பாலித்தீன் பையில் மீன் வாங்கிப் போகும் பையன்கள். கடையின் பின்பக்கக் கதவைத் திறந்தால் 1700இல் கட்டிய கூடம். யூதர் ஒருவர் தன் பிழைப்பையும் பள்ளியையும் ஒரே கூரையின்கீழ் வைத்துப் பல காலம் காத்துவந்ததால்தான் அது நிற்கிறது. அரசு புதுப்பித்த பரவூரைவிட இங்கே எனக்கு உயிர் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை இருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கடவும்பாகம் என்ற பெயரில் மட்டாஞ்சேரியிலும் ஒரு பள்ளி இருந்தது. அதன் உள் மரவேலைகளைப் பெயர்த்தெடுத்து ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் 1995 முதல் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இங்கே நின்ற வெறும் கூடு 2019 மழையில் சரிந்தது. பெயர்த்துக்கொண்டு போனது சரியா என்று கேட்டால், சரிந்த சுவரைப் பார்த்தபின் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

கொச்சி வரை போக முடியாத சென்னைக்காரர்களுக்கு ஒரு ஆறுதல் பரிசு மட்டும் உண்டு. ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெருவின் பெயருக்குப் பின்னால் 17ஆம் நூற்றாண்டு யூதப் பவழ வணிகர்கள் இருக்கிறார்கள். லாயிட்ஸ் சாலையில் சின்ன யூத இடுகாடும் உண்டு. தொழுகைக் கூடம் எதுவும் மிஞ்சவில்லை. கேரளத்தோடு ஒப்பிடவே முடியாது.

நாள் கணக்கு இது. சனிக்கிழமை ஓய்வுநாள், பரதேசிப் பள்ளி மூடியிருக்கும். வெள்ளி மதியத்துக்கு மேலும், யூதப் பண்டிகைகளிலும் அப்படியே. திங்கட்கிழமை பரவூர், சேந்தமங்கலம் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. ஆக செவ்வாய் முதல் வியாழன் வரை எதுவானாலும் சரி. காலையில் முதலில் சேந்தமங்கலம், வெயில் ஏறுவதற்குள் கல்லும் குன்றும். பிறகு பரவூர். மதியம் எர்ணாகுளம் திரும்பிக் கடவும்பாகம். அங்கிருந்து ஹைகோர்ட் துறையில் படகேறினால் ஃபோர்ட் கொச்சி, ஆட்டோ பிடித்து நாலு மணிக்குள் மட்டாஞ்சேரி. மாளாவைச் சேர்த்தால் இரண்டு நாளாக்கிவிடுங்கள், ஒரே நாளில் திணித்தால் எதுவும் மனசில் நிற்காது.

மட்டாஞ்சேரியைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் மற்றவை வெறிச்சென்று தெரியும், ‘இதுக்கா இவ்வளவு தூரம்’ என்று வண்டியில் யாராவது கேட்பார்கள். கடைசியில் போனால், நகலாகவும் காலியாகவும் பார்த்துவந்த மேடை, பேழை, விளக்கு ஒவ்வொன்றும் அங்கே அதனதன் இடத்தில் இருக்கும். கூட்டம் தள்ளினாலும் எதைப் பார்ப்பது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கிளம்பும்போது சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்லைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலானோர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் படம் எடுக்கிறார்கள். கொச்சங்காடி என்ற இடத்தில் 1344இல் கட்டிய பள்ளியின் கல் அது. அந்தப் பள்ளி இப்போது இல்லை.