அல்ட்ராசவுண்டின் அசைவு அளவைச் சோதிக்க ஜெலட்டினா, பிவிஏ ஜெல்லா?

தசை நகர்ந்த தூரத்தை ஸ்பெக்கிள் டிராக்கிங் (அல்ட்ராசவுண்ட் படத்தில் தெரியும் புள்ளிகளைப் பின்தொடர்ந்து அசைவை அளக்கும் முறை) சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க, தசைக்குப் பதிலான மாதிரி ஜெல் கட்டியை மோட்டாரால் 5 மி.மீ. நகர்த்தி ஒப்பிடலாம்.

ஜெலட்டின் மலிவு, ஒரே நாளில் தயார். ஆனால் உடல் வெப்பத்தில் இளகிவிடும். ஓரம் காயும், பூஞ்சை பிடிக்கும், திரும்பத் திரும்ப இழுத்தால் கிழியும்.

பிவிஏ என்பது பாலிவினைல் ஆல்கஹால், நீரில் கரையும் ஒரு செயற்கைப் பொருள். இதற்குப் பொறுமை வேண்டும். 10% கரைசலை 90 டிகிரியில் காய்ச்சி, ஒலியைச் சிதறடிக்கச் சிறிது செல்லுலோஸ் தூள் கலந்து, குமிழிகள் அடங்கியபின் அச்சில் ஊற்றவும். மைனஸ் 20 டிகிரியில் 12 மணி நேரம் உறையவிட்டு, மெதுவாக உருகவிடவும். இப்படி உறைந்து உருகும் ஒவ்வொரு சுற்றிலும் விறைப்பு கூடும். தடித்த கட்டியில் நடுவும் ஓரமும் ஒரே வேகத்தில் உருகாததால் விறைப்பு சீராக இராது. தண்ணீரில் மூழ்கவைத்தால் நெடுநாள் தாங்கும்.

பலமுறை இழுக்கும் சோதனைக்கு பிவிஏதான் சரி. எதுவானாலும், டிரான்ஸ்டியூசரை (ஒலியை அனுப்பிப் பெறும் கருவிமுனை) அதன் படத்தளம் நகர்வுத் திசைக்கு இணையாக இருக்கும்படி பிடியுங்கள். சாய்ந்தால் புள்ளிகள் படத்தளத்தை விட்டு வெளியேறி, அளவு தவறிப்போகும்.