பெடல் ஸ்டீலும் அடங்காத ஒரு ரிவெர்ப் பெட்டியும்

பர்மாவின் மோல்மேன் ஊரில் இருக்கும் ஒரு தம்பி போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: "அண்ணே, ஸ்டீல் வந்து சேர்ந்துவிட்டது. இனி ஒரே ஒரு பெட்டிதான் வாங்க முடியும். ரிவெர்ப் வாங்கட்டுமா, டிலே வாங்கட்டுமா?" டிலே வாங்கு என்றேன். "அப்படியானால் உங்கள் ரிவெர்ப் எப்படி?" என்றான். அதற்குப் பதில் ஒரு வரியில் அடங்காது. ஸ்டீல் வாசிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டீல் என்பது பெடல் ஸ்டீல் கிட்டார்; பார் என்ற எஃகுத் துண்டைத் தந்திகளின் மேல் நகர்த்தியும், சுருதியை ஏற்றும் பெடல்களை மிதித்தும் வாசிப்பது. ரிவெர்ப் பெரிய கூடத்தில் ஒலிப்பது போன்ற விரிவைத் தரும் பெட்டி; டிலே வாசித்ததைச் சற்றுத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் பெட்டி.

டிலேயைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஸ்டீல் வாசிப்பவரின் வலது கால் எப்போதும் வால்யூம் பெடலின் மேல்தான் இருக்கும். பாதி மூடி வைத்துத் தந்தியை மீட்டி, ஒலி தேயத் தேயப் பெடலைத் திறந்துகொண்டே போவோம். நீண்ட ஸ்வரம் அப்படித்தான் நிற்கிறது. டிலேயை அந்தப் பெடலுக்கு முன்னால் இணைத்தால், பெடலை மூடியதும் திரும்பி வரும் ஒலியும் சேர்ந்து அறுந்துபோகும். பின்னால் இணைத்தால் அது தன் போக்கில் தேய்ந்து அடங்கும். ஆகவே கிட்டார், வால்யூம் பெடல், டிலே, ரிவெர்ப், ஆம்ப்ளிஃபயர் என்ற வரிசைதான். இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

எங்கள் ஆலயத்தில் மெதுவான கீர்த்தனைகள் நிமிடத்துக்கு 80 தட்டு என்ற அளவில் போகும். ஒரு தட்டுக்கு 750 மில்லிவினாடி. அதில் பாதி 375. டிலேயை அங்கே வைத்து, ஒரே ஒரு முறை மட்டும் திரும்பி வரும்படி விட்டு, அதன் அளவைக் கால் பங்குக்கும் கீழே இறக்கிவிடுகிறேன். அது ஒலிப்பதே கேட்பவர்களுக்குத் தெரியாது. நிறுத்திவிட்டால்தான் "இன்றைக்கு ஸ்டீல் ஏன் வறண்டு கிடக்கிறது?" என்று பாடகர் குழுவில் யாராவது கேட்பார்கள்.

அளவை ஏன் இவ்வளவு இறக்க வேண்டும் என்றால், ஸ்டீலில் ஸ்வரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஈ9 என்ற சுருதி அமைப்பில் நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று தந்திகளையும் மீட்டிவிட்டு, முதல் இரண்டு பெடல்களையும் மிதித்துப் பாருங்கள். ஈ அப்படியே நிற்கும். பி ஏறி சி ஷார்ப் ஆகும். ஜி ஷார்ப் ஏறி ஏ ஆகும். ஈ மேஜர் என்ற கூட்டொலி கண்ணெதிரே ஏ மேஜராக மாறுகிறது. ஆனால் டிலே இன்னும் பழைய ஜி ஷார்ப்பைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கும். அரை ஸ்வர இடைவெளியில் இரண்டும் உரசும். அளவு குறைவாக இருந்தால் அந்த உரசல் ஓர் ஏக்கம் போலக் கேட்கும். கூடினால் சுருதி தப்பியதாகவே கேட்கும். கமகத்தோடு வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். எதிரொலி கூடக் கூட கமகம் கலங்கிப்போகும். ஸ்லைடு கிட்டாரைத் தங்கள் சாஸ்திரிய இசைக்குள் ஏற்றுக்கொண்ட பர்மியக் கலைஞர்களின் பழைய பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் துலக்கமாக விழும். அந்தத் துலக்கத்தை எந்தப் பெட்டிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இனி ரிவெர்ப். என்னிடம் இருப்பது விலை கூடிய டிஜிட்டல் பெட்டி, பெயர் வேண்டாம். அதில் உள்ள பிளேட் ஒலி மிக உயர்ந்தது. 1957-இல் வந்த இ.எம்.டி. 140 என்ற கருவியில், தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரவைத்துத்தான் இந்த ஒலியை எடுத்தார்கள். கால் கிலோவுக்கும் குறைந்த என் பெட்டி அந்த ஒலிக்கு மிக அருகே போகிறது. ஸ்டீலின் மேல்ஸ்வரங்களை மூடாமல், கீழே மட்டும் ஒரு விரிவைத் தருகிறது. இதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்த அசைவு! டிஜிட்டல் ரிவெர்பில் ஒலி தேயும்போது தகரம் தட்டியது போன்ற ஓசை எழாமல் இருக்க, உள்ளே ஓடும் தாமதங்களின் நீளத்தை நுணுக்கமாக ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். மாடுலேஷன் என்பது அதுதான். காரணம் நியாயமானது, மறுக்கவில்லை. பியானோவுக்கு அது அழகுகூட. ஆனால் ஸ்டீலில் அழுத்திப் பிடிக்க ஃபிரெட் என்ற உலோக மேடுகள் இல்லை. இருப்பவை வெறும் கோடுகள். பார் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மேஜர் கூட்டொலியின் மூன்றாம் ஸ்வரத்தை பியானோவைவிட ஒரு மயிரிழை இறக்கி, அலைபாயாமல் நிற்கும்படி சுருதி கூட்டி வைத்திருக்கிறோம். எட்டாவது கோட்டில் சி மேஜரை மீட்டி, பாரை அசைக்காமல் பிடித்துக்கொண்டு வால்யூமை மூடினால், தேயும் ஒலியில் அந்த மூன்றாம் ஸ்வரம் மெல்ல ஏறுகிறது, இறங்குகிறது. நம் கை நடுங்கியதோ என்று பாரைத் திருத்தப் போகிறோம். உண்மையிலேயே சுருதி கெடுகிறது. மாடுலேஷன் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலும் இது முழுதாக நிற்பதில்லை. தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். அதுவே அந்த ஒலியின் தனிச்சிறப்பு என்று பதில் வந்தது. பூஜ்யம் என்று எழுதிய இடத்தில் பூஜ்யம் இருக்க வேண்டாமா? இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு, எங்கள் கருவிக்கு உயிரான ஒன்றைத் தனிச்சிறப்பு என்ற பெயரில் ஆட்டிப் பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வரும் ஸ்பிரிங் ரிவெர்பில் இந்தத் தொல்லை இல்லை. இரும்புச் சுருள் சுருதியை ஆட்டாது. 1963-இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்பை ஸ்டீல்காரர்கள் பலர் விரும்பி எடுத்ததில் வியப்பில்லை. கிட்டாரில் அழுத்தி மீட்டினால் ஸ்பிரிங் சொட்டென்று ஓசை எழுப்பும்; வால்யூம் பெடலால் தொடக்கத்தை மழுக்கி வாசிக்கும் நமக்கு அதுவும் குறைவு. ரங்கூனில் தொல்லை வேறு. அமெரிக்க ஆம்ப்ளிஃபயர் 120 வோல்ட், நம் வீட்டு மின்சாரம் 230. நடுவே வைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை ஆம்ப்ளிஃபயரின் பக்கத்திலேயே வைத்தால், அதன் காந்தப்புலம் ஸ்பிரிங்குகள் இருக்கும் தொட்டியின் மின்கம்பிச் சுருளில் ஏறி உறுமும். இரண்டு மீட்டர் தள்ளி வைத்தால் அடங்கிவிடும். மின்சாரம் போய் மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் இரைச்சலுக்குத்தான் வழியில்லை. சீரான சைன் அலை தரும் இன்வெர்ட்டர் வேண்டும்.

தம்பி, உன் பணத்தை நல்ல டிலேயிலும், மிஞ்சினால் வால்யூம் பெடலுக்கு முன்னால் வைக்க, ஒலி வலுக்குறையாமல் காக்கும் பஃபர் என்ற சிறு கருவியிலும் போடு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஸ்டீல் பிக்அப்புகள் பலவற்றின் மின்தடை 17 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கும்; பஃபர் இல்லாவிட்டால் நீண்ட கேபிளும் வால்யூம் பெடலும் மேல்ஒலியைத் தின்றுவிடும். மழைக்காலத்தில் ஜாக்குகளைத் துடைத்து வை.

என் ரிவெர்ப் பெட்டிக்கு ஐந்தில் இரண்டு மதிப்பெண்தான் தருவேன். வாங்காதே. இங்கே ஒருவர் நல்ல விலை சொல்லிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை, கொடுப்பதாகவும் இல்லை.