சிபியுவில் மாடல் ஓட்ட டிவிஎம்மா, ஓஎன்என்எக்ஸ் ரன்டைமா?

ஜிபியு இல்லாத சர்வர்களில் ஒரு ஏஐ மாடலை ஓட்ட, அதற்கான மென்பொருள்களான டிவிஎம், ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. நான் எடுத்தது ஓஎன்என்எக்ஸ் ரன்டைம், ஆகவே சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்தே படியுங்கள்.

இரண்டும் ஓப்பன் சோர்ஸ். இரண்டும் அடுத்தடுத்த கணக்குகளை ஒன்றாகச் சேர்த்து, நினைவகத்துக்குப் போய்வரும் அலைச்சலைக் குறைக்கின்றன. அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கர்னல், அதாவது மேட்ரிக்ஸ் பெருக்கல் போன்ற கணக்கைச் செய்யும் சிறு நிரல், எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த டிவிஎம், லூப்பை எப்படித் துண்டு போடலாம், எப்படி வெக்டராக்கலாம் (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடலாம்) என்று பல வகைகளை உருவாக்கி, உங்கள் சிபியுவிலேயே ஓட்டிப் பார்த்து, வேகமானதை எடுத்துக்கொள்ளும். நன்றாக டியூன் செய்தால் வேகம் அருமையாக இருக்கும்.

ஆனால் அதைப் பராமரிக்க வேண்டுமே! தேடிக் கண்ட விடை அந்த மேட்ரிக்ஸ் அளவுக்கும் அந்த சிபியுவுக்கும்தான் பொருந்தும். மாடலின் லேயர் அளவு மாறினால் மறுபடி டியூனிங். சர்வர் மாறினாலும் அதே கதை. இன்டெலின் ஸ்கைலேக் சிபியு, ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் கட்டளைத் தொகுப்பு) என்று டார்கெட் கொடுத்துக் கம்பைல் செய்ததை, அந்த வசதி இல்லாத மெஷினில் ஏற்றினால் மெதுவாகக்கூட ஓடாது. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று ப்ராசஸே விழுந்துவிடும். பழையதும் புதியதுமாக மெஷின்கள் கலந்து கிடக்கும் இடத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு பில்டு, ஒரு டியூனிங் லாக் என்று யார் காவல் காப்பது?

2018இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஓஎன்என்எக்ஸ் ரன்டைம், எம்எல்ஏஎஸ் என்ற தன் கர்னல் தொகுப்பை வைத்திருக்கிறது. சிபியு எதைத் தாங்கும் என்று ஓடும்போதே பார்த்து, ஏவிஎக்ஸ்2வோ ஏவிஎக்ஸ்-512வோ பொருத்தமான கர்னலைப் பிடித்துக்கொள்கிறது. மாடல் ஃபைல் ஒன்றே போதும்.

அதற்காகக் கைகட்டி உட்கார்ந்துவிட முடியாது. வேலையைப் பகிர்ந்து செய்யும் அதன் த்ரெட்கள் வேலை இல்லாதபோதும் உடனே தூங்காமல் சற்று நேரம் சுழன்றபடி (ஸ்பின்னிங்) காத்திருக்கும். ஒரே ப்ராசஸ் என்றால் அது வேகத்துக்கு நல்லது. பல ப்ராசஸ்கள் ஒரே மெஷினில் நெருக்கியடித்தால் சிபியு வீண். அப்போது ஸ்பின்னிங்கை அணைத்து, த்ரெட் எண்ணிக்கையை ஒதுக்கிய கோர்களுக்குள் கட்டிவையுங்கள். அப்புறம், விஎன்என்ஐ (8-பிட் கணக்குக்கான சிபியு கட்டளைகள்) இல்லாத பழைய சிபியுக்களில், 8-பிட் எண்களாகச் சுருக்கிய மாடலின் பெருக்கல் 16-பிட்டுக்குள் நிரம்பி வழிந்து துல்லியம் குறையலாம். வெயிட்டுகளை (மாடல் கற்றுவைத்த எண்களை) 7 பிட்டுக்குச் சுருக்கினால் சரியாகும்.

மாடல் மாறவே மாறாது, ஒரே வகை போர்டுதான் என்றால் டியூனிங் ஒரு தடவைச் செலவு. அங்கே டிவிஎம் பக்கமே போகலாம். என் அனுபவம் இன்டெல், ஏஎம்டி சர்வர்களோடு நிற்கிறது. ஆர்ம் போர்டு என்றால் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.