இணையவழி பைதான் வகுப்பு: முதல் ஆறு வாரமும் அடுத்த ஆறு வாரமும்

வேளச்சேரியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் பன்னிரண்டு வார இணையவழி பைதான் (ஒரு கணினி நிரல்மொழி) வகுப்பைச் சென்ற மாதம் முடித்தேன். பாடத்திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், பாதியில் ஆசிரியர் மாறியதால், மாணவர்கள் ஒட்டுவதும் விலகுவதும் பாடத்தைவிடக் கற்பிக்கும் முறையைப் பொறுத்தது என்பதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

முதலாமவர் ஸ்லைடுகளை வரி பிசகாமல் படிப்பார். "புரிகிறதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். கிண்டியிலிருந்து வேலை முடிந்து திரும்பும் நான், மூன்றாம் வாரம் முதல் கேமராவை அணைத்துவிட்டு, ஹெட்போனும் காதுமாக இரவுக்கு தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாமவர் வெற்றுத் திரையில் நிரலைத் தட்டச்சு செய்தபடியே விளக்குவார். ஒருநாள், கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஃபார் லூப்பின் முதல் வரியில் முக்காற்புள்ளியை (:) விட்டுவிட்டார். பிழைச் செய்தி வந்ததும், "எங்கே தவறினேன் என்று சாட்டில் எழுதுங்கள், அதுவரை பேசமாட்டேன்" என்று நிறுத்திவிட்டார். அரை நிமிடம் கனத்த மௌனம். பிறகு, அதுவரை ஒரு சொல்லும் எழுதியிராதவர்களிடமிருந்துகூட விடைகள் வந்து விழுந்தன. வேண்டுமென்றே விட்டாரோ என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

எட்எக்ஸ் என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் நான்கு படிப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வும், ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களும், வெறும் ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக்காட்டும் பாடங்களும் மாணவர்களைக் கூடுதலாக ஈர்ப்பதாகவே கூறியது. அது பதிவு செய்த பாடங்களைப் பற்றியது என்றாலும், என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது.

அசைன்மென்ட்டுக்குக் கெடு இல்லாதது இவ்வகுப்பின் பெருங்குறை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையவழிப் படிப்புகளில் வாராந்திர அசைன்மென்ட்டுக்குக் கெடுவும், இறுதி மதிப்பெண்ணில் 25 விழுக்காடும் உண்டு. எட்டு வாரப் படிப்பில் சிறந்த ஆறு மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், ஓரிரு வாரம் தவறவிட்டவரும் மனம் தளரவேண்டியதில்லை. இங்கோ, "அப்புறம் பார்க்கலாம்" என்று நான் ஒத்திப்போட்ட நான்கு அசைன்மென்ட்டுகள் அப்படியே கிடக்கின்றன.

வகுப்புப் பதிவுகள் மறுநாளே கிடைத்தன, ஒலியும் தெளிவு.

அடுத்த பேட்ச்சுக்கு யார் எடுப்பார் என்று விசாரித்தேன். "இரண்டு பேருமே சீனியர் சார்தான்" என்றார்கள். சேர நினைப்பவர்கள், தங்களுக்கு எடுக்கப்போகிறவரின் வகுப்பு ஒன்றில் அமர்ந்து பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.