நகை அடகா, வங்கிக் கடனா: சட்டக் கல்லூரிச் செலவுக்கு எது ஏற்றது?

1874 இல் தொடங்கப்பட்ட இலங்கை சட்டக் கல்லூரி கொழும்பு புதுக்கடையில் இருப்பதால், நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்த திருகோணமலைப் பிள்ளையின் பெற்றோர் கட்டணத்தோடு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்தே பணம் தேட வேண்டியிருக்கிறது.

நகையை அடகு வைப்பது விரைவான வழி. காலையில் காப்புச் சோடியைக் கழற்றிக் கொடுத்தால், உரசிப் பார்த்து, நிறுத்து, சற்று நேரத்தில் காசையும் ஒரு சீட்டையும் கையில் தந்துவிடுவார்கள். பிணையாளரும் வேண்டாம், சம்பளச் சீட்டும் வேண்டாம். ஆனால் அடகின் தவணை பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டாது. படிப்போ மூன்று ஆண்டுகள், அதற்கு மேல் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. எங்கள் அம்மாவின் காப்பு மூன்று முறை வட்டி கட்டிப் புதுப்பிக்கப்பட்டது. ஒரு முறை தவறியிருந்தாலும் ஏலத்துக்குப் போயிருக்கும்.

வங்கிக் கல்விக் கடனில் தவணை நீளமானது, மாதக் கணக்கும் தெளிவானது. இடையூறு பிணையாளர்தான்: நிலையான சம்பளக்காரரை வங்கி கேட்கும்போது, கடற்றொழில் செய்யும் குடும்பம் எந்த ஆசிரியரின் வாசலில் போய் நிற்பது? படிப்பு முடியும்வரை முதலைக் கட்டாமல் வட்டியை மட்டும் கட்ட இடமுண்டா என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்; ஏனெனில் சத்தியப்பிரமாணம் செய்த மறுநாளே வழக்குகள் தேடி வருவதில்லை.

பிணையாளர் கிடைத்தால் நான் கடனையே எடுப்பேன். முதல் வருடக் கட்டணத்துக்கு நாள் நெருங்கிவிட்டால் மட்டும் காப்பைக் கழற்றுவேன்.