கண்டியில் எந்தப் பக்கம் தங்கலாம்: தலதா வீதியா, ராஜபிகில்ல மேடா, வாவிக்கரையா?

புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையையும் அதைச் சுற்றியுள்ள பழைய இடங்களையும் நடந்தே பார்க்க வேண்டும், இரவில் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும் என்றால், ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதைவிட அது ஊரின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கிட்ட இருக்க வேண்டுமென்றால் தலதா வீதிதான். குயின்ஸ் ஹோட்டல் முனையிலிருந்து மாளிகைக்குச் சில நிமிட நடை. நாத, பத்தினி தேவாலயங்கள் மாளிகைக்கு எதிரேயே இருக்கின்றன. முருகனைக் கும்பிட நம்மவர்கள் போகும் கதிர்காம தேவாலயமும் கொட்டுகொடெல்ல வீதியில், பக்கத்தில்தான். ஆனால் அமைதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. விடியுமுன்பே பஸ் ஹோர்ன் தொடங்கிவிடும். இந்தப் பக்கம் தங்குவதென்றால் வீதியைப் பார்க்காத அறையாகக் கேட்டு வாங்குங்கள்.

ராஜபிகில்ல மாவத்தை நேர்மாறு. சத்தமில்லை, கீழே வாவி முழுவதும் தெரியும். இறங்கி வருவது சுகம், திரும்பி ஏறுவதுதான் பாடு. வயதான அம்மா அப்பாவோடு போனால் ஒவ்வொரு முறையும் த்ரீவீலர் பிடிக்க வேண்டியிருக்கும்.

என் தெரிவு வாவியின் தென்கரை. சங்கராஜ மாவத்தையில் அல்ல, அங்கே வாகன இரைச்சல் உண்டு. சரணங்கர வீதி மாதிரி உள்ளே ஏறும் ஒழுங்கையில் ஒரு சிறிய விடுதி. மல்வத்த விகாரை அருகில் இருப்பதால் சுற்றுப்புறமே அடங்கித்தான் இருக்கும். மாளிகையின் காலைப் பூசை 5.30 மணிக்கு. ஐந்து மணிக்குக் கிளம்பினால் வாவிக்கரை மரங்களுக்குக் கீழே நடந்தே போய்விடலாம். வெளியூர்ப் பஸ்கள் வந்து சேருமுன், மேளச் சத்தத்தோடு மாளிகையைப் பார்ப்பது தனி அனுபவம்.

அந்த நடையே ஒரு வரலாற்றுப் பாடம். இந்த வாவியை 1807இல் கட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் வம்சத்தவர். கரையோரம் அலை அலையாக வளைந்து போகும் வெள்ளைச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: விளக்கு வைப்பதற்கென்று முக்கோணத் துளைகள் விட்டிருக்கிறார்கள். மாளிகை முகப்பிலுள்ள எண்கோண மண்டபமும் அவர் காலத்தது. பக்கத்தில், செதுக்கிய மரத்தூண்கள் நிற்கும் அரச சபை மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2ஆம் திகதி, கண்டியை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மன்னரை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். மண்டபத்தைப் பார்த்த கையோடு, தேசிய நூதனசாலைக்குப் பின்னால் மேடேறி ஆங்கிலேயப் படையினரின் மயானத்துக்கும் போங்கள். நாட்டைப் பிடித்தவர்களில் எத்தனை பேர் இளம் வயதிலேயே காய்ச்சலில் போனார்கள் என்று கல்லறைகளே சொல்லும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தென்கரைக்கு ஒரு குறை உண்டு. கட்டுக்கலை செல்வ விநாயகர் கோவில் ஊரின் மறுபக்கம், பேராதனை வீதியில் இருக்கிறது. தலதா வீதியிலிருந்து அதற்கு நடக்கலாம். இங்கிருந்து த்ரீவீலர்தான் சரி.

அப்புறம், தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹரா நாட்களில் மட்டும் என் கணக்கு மாறும். நள்ளிரவுக் கூட்டத்தில் குழந்தைகளோடு வாவியைச் சுற்றி நடந்து திரும்புவது கஷ்டம். அந்த நாட்களுக்கு விலை கூடினாலும் தலதா வீதியிலேயே, பல மாதம் முன்கூட்டி அறை போட்டுவிடுங்கள்.