பாபா யாகாவோடு ஆறு வருடம்

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளைப் பெண்ணிய நோக்கில் படிக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. கையில் இருப்பது நாட்டுப்புறக் கதைகளைச் சேகரித்த அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அட்டையை இரண்டு முறை ஒட்டியாயிற்று.

முதல் வருடம் எல்லாம் வாசிலிசா என்ற பெண்ணின் கதை மேல் மயக்கம்தான். சாகும் தாய் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். மாற்றாந்தாய் வீட்டில் விளக்கு அணைய, நெருப்பு வாங்கி வரச் சொல்லி இவளைக் காட்டில் வாழும் சூனியக்கிழவி பாபா யாகாவிடம் விரட்டுகிறார்கள். மனித எலும்பு வேலி. பூட்டு இருக்க வேண்டிய இடத்தில் கூரான பற்கள். கிழவி சொல்லும் வேலையை எல்லாம் பொம்மை முடித்துக் கொடுக்கிறது. கடைசியில் கண்கள் எரியும் ஒரு மண்டையோட்டை நெருப்பாகக் கொடுத்து அனுப்புகிறாள் கிழவி. தாய் விட்டுப்போன உள்ளறிவுதான் அந்தப் பொம்மை என்ற விளக்கம் அப்போது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு உறுத்தத் தொடங்கியது. கதையில் கொடுமை செய்கிற அத்தனை பேரும் பெண்கள். அப்பா? வியாபாரத்துக்காக வெளியூர் போய்விடுகிறார். மண்டையோட்டின் கண்கள் மாற்றாந்தாயையும் அவள் மகள்களையும் கரியாக்கிய பிறகு சாவகாசமாகத் திரும்பி வந்து, ராணியாகிவிட்ட மகளின் அரண்மனையில் குடியேறுகிறார். அவர் மேல் ஒரு பொறிகூடப் படவில்லை! "துணிச்சலான பெண்" என்று மட்டும் தேடிப் படித்தால் இந்த ஆள் கண்ணில் படவே மாட்டார். யாகாவைப் பழைய தாய்த்தெய்வம் என்று கொண்டாடுவதிலும் இப்போது எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு கதையில் உதவுகிறாள், அடுத்த கதையில் பிள்ளையைச் சுட்டுத் தின்னப் பார்க்கிறாள். அவளை அப்படியே விட்டுவிடலாம்.

இந்த வாசிப்பு எனக்கு நிஜமாகவே பயன்பட்டது மாரியா மொரேவ்னா கதையில். அவள் படை நடத்துகிற ராணி. போருக்குக் கிளம்பும்போது வீட்டைக் கணவன் இவானிடம் ஒப்படைத்து, ஒரு அறையை மட்டும் திறக்காதே என்கிறாள். அவன் திறக்கிறான். உள்ளே 12 சங்கிலிகளில் கட்டிக் கிடக்கும் கொஷ்செய் என்ற மந்திரவாதிக்கு மூன்று வாளி தண்ணீரும் கொடுக்கிறான். பலம் திரும்பிய கொஷ்செய் தப்பித்து மாரியாவைத் தூக்கிப் போகிறான். தப்பு அவனுடையது, சிறைப்பட்டுப் போவது அவள். சேனைகளை வீழ்த்தியவள் அதன்பின் செய்வதெல்லாம் எதிரியிடம் நைச்சியமாகப் பேசி ரகசியம் அறிவதும், அவனுடைய மந்திரக் கைக்குட்டையைத் திருடிக் கொடுப்பதும்தான். அவள் வாள் எங்கே போனது என்று கதை சொல்வதே இல்லை. ரஷ்ய ஆய்வாளர் பிராப் 1928இல் இந்தக் கதைகளின் பாத்திரங்களை ஏழு வகையாகப் பிரித்தபோது, இளவரசிக்கும் அவள் தந்தைக்கும் சேர்த்து ஒரே இடம்தான் கொடுத்தார். மாரியாவைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது.

ஒரு குறை: ரசித்துப் படிக்கும் சுகம் கொஞ்சம் போய்விடும். எனக்கு நான்காம் வருடம் அப்படி ஆனது, சில மாதங்கள் புத்தகத்தைத் தொடவில்லை. அப்புறம் தங்கை மகளுக்காக வாசிலிசாவை மறுபடி எடுத்தேன். ராணியான பிறகும் சாகும்வரை பொம்மையைப் பையிலேயே வைத்திருந்தாள் என்று முடித்தேன்.

"அரண்மனையில எதுக்கு பெரியம்மா பொம்மை? அங்கயும் யாராவது வேலை வாங்குவாங்களா?" என்றாள்.